200 பவுண்டு போச்சு: "பெண் அதிகாரி சேர்த்த பேட்ஜ்" வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

பார்சல் போன வாரம் வந்தது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற கடைசிக் கைவிரிப்பு இன்று காலை வந்தது. விற்றது பிரிட்டனில் பழைய ராணுவச் சாமான்களை இணையத்தில் ஏலம் விடும் ஓர் இடம்.

"இரண்டாம் உலகப் போரில் ஏ.டி.எஸ். பெண் அதிகாரி சேர்த்து வைத்த ராயல் ஆர்ட்டிலரி பேட்ஜ், குடும்பத்தார் கடிதத்துடன்" என்று போட்டிருந்தார்கள். ஏ.டி.எஸ். என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் அன்றைய பெண்கள் பிரிவு, ராயல் ஆர்ட்டிலரி அதன் பீரங்கிப் படை. வெறும் பேட்ஜ் சில பவுண்டுக்கே கிடைக்கும். விலையை ஏற்றியது கடிதம். 1941 முதல் ஏ.டி.எஸ். பெண்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைகளில் ஆண்களோடு நின்றார்கள். விமானத்தின் உயரம் அளந்தார்கள், குறியைக் கணக்கிட்டார்கள், பீரங்கியைச் சுட மட்டும் அனுமதி இல்லை. அவர்கள் இடது மார்புப் பைக்கு மேல் குத்திக்கொண்ட எரிகுண்டுச் சின்னம் இது. அதை நினைத்துத்தான் கை ஏலத்தில் ஏறிக்கொண்டே போனது.

ஏல விலை 145, அவர்கள் கமிஷன் 36.25, கமிஷன் மேல் வரி 7.25, தபால் 11.50. ஆக மொத்தம் 200 பவுண்டு.

கையில் எடுத்ததும் தீச்சுடர்களை எண்ணினால் ஒன்பது. ஆர்ட்டிலரிக்கு ஏழுதான், ஒன்பது சுடர் ராயல் இன்ஜினியர்ஸ் என்ற பொறியாளர் படையுடையது. இரண்டிலும் "உபிக்வே" (லத்தீனில் "எங்கும்") என்ற அதே வாசகம் இருப்பதால் மங்கலான படத்தில் பிடிபடவில்லை. சரி, அசல் இன்ஜினியர்ஸ் பேட்ஜா என்றால் அதுவும் இல்லை. அச்சில் அடித்த பேட்ஜின் முதுகில் முன்பக்க வடிவம் குழிந்து தெரியும். இதன் முதுகு தட்டையாக, பொடிப்பொடிக் குழிகளோடு இருக்கிறது. விளிம்பில் வார்ப்புத் தையல், அதாவது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு. மாட்டும் கம்பி வளையங்கள் வெள்ளை ஈயப்பற்றில் ஒட்டி நிற்கின்றன. உருக்கி ஊற்றிய நகல், அவ்வளவுதான்.

கடிதமும் பொய். அந்த அம்மாவை "ஏ.டி.எஸ். கேப்டன்" என்கிறது. போர்க்கால ஏ.டி.எஸ்.ஸில் கேப்டன் என்ற பதவியே கிடையாது, அதற்கு இணை ஜூனியர் கமாண்டர். ஏலத்துக்கு முன்பே அந்தக் கடிதத்தின் படம் வந்தது. குடும்பத்தார் கையெழுத்து என்றதும் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

விற்ற இடத்துக்குப் புகார் எழுதினேன். முதல் பதில்: "படம் அனுப்புங்கள்." ஆறு படம் போனது. அடுத்து: "பொருள் கொடுத்தவரிடம் கேட்கிறோம்." நான்கு நாள் சத்தமில்லை. இன்று: "உள்ளது உள்ளபடி என்றுதான் விற்றோம், ஏலப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." 200 பவுண்டுக்கு இரண்டு வரி பதில்!

முதுகுப் படம் தராதவரிடம் வாங்காதீர்கள். சுடரை எண்ணுங்கள். கடிதத்தில் அதிகாரியின் பெயர் இருந்தால் பிரிட்டன் அரசிதழான லண்டன் கெசட்டில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். கமிஷனையும் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் இன்றைக்கே புகார் கொடுங்கள்; நான் இப்போது அந்தப் படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.