கிளட்ச் போனால்: பிளேட் மட்டுமா, முழு செட்டா?

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் கவனித்தேன். நான்காவது கியர், வண்டிக்குள் ஐந்து பேர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கரிந்த வாடை. டவுனுக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. ஏற்றமும் பாரமும் சேரும்போதுதான் கிளட்ச் வழுக்குவது வெளியே தெரியும்.

மெக்கானிக்கிடம் போனதும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடாதீர்கள். வழுக்குவது ஒரு கோளாறு. பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் பிடியை விடாமல் இருப்பது வேறு கோளாறு. இரண்டாவதில் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும், இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் அதே கியர் அலுங்காமல் விழும். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் வண்டி என்றால் ஆயில் கசிந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். முதலில் இவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் சின்னச் செலவோடு முடிந்துவிடும். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும். அதனால் பெடலில் கொஞ்சம் லூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் வழுக்குகிறதா? அப்போதுதான் பிளேட்டா, செட்டா என்ற கேள்வி. செட் என்றால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது.

பிளேட் மட்டும் மாற்றினால் பொருள் செலவு குறையும், உண்மைதான். ஆனால் எதை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், கூலி ஏறக்குறைய ஒன்றுதான். என் வண்டியைப் பிரித்தபோது மெக்கானிக் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். அதன் லைனிங், அதாவது உரசும் பகுதி, ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிரஷர் பிளேட்டைத் திருப்பிக் காட்டினார்: சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள், நடுவில் மயிரிழை விரிசல்கள். அதன்மேல் புது பிளேட்டை வைத்தால் வண்டி எடுக்கும்போதே உதறும், புதுசும் சீக்கிரம் தேயும். ரிலீஸ் பேரிங் சின்னப் பொருள்தான். பெடலை மிதிக்கும்போது கிர்ரென்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஆறு மாதம் கழித்து அது போனால், மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

பிளேட் மட்டும் போதும் என்று நான் சொல்வது ஒரே நிலைமையில்தான்: செட் அண்மையில் போட்டது, இன்ஜின் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டுவிட்டது, பிரஷர் பிளேட் சுத்தமாக இருக்கிறது. அப்போதும் சீலை மாற்றாமல் பிளேட்டைப் போடாதீர்கள்.

நம் பக்கத்தில் ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் ஏறினாலும், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போனாலும் மேடுதான். இங்கே ஓடும் வண்டிக்கு முழு செட்தான் போடுவேன். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ஃப்ளைவீலில் (பிளேட் உரசும் இன்ஜின் பக்கச் சக்கரம்) விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய முடியுமா, மாற்ற வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.