340,000 ரூபா போச்சு: படகுக்கு டெக் அடிக்கக் குடுக்கப் போறவங்க தயவுசெய்து இதை வாசிங்க

கை இன்னும் நடுங்குது. நேத்து மத்தியானம் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில என் படகோட டெக்கை கிரைண்டரால வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்ததை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இன்னும் பல பேர் சின்ன மீன்பிடிப் படகை வாங்கி, தளம் போட்டு, சீட் வெச்சு, சிவனொளிபாதமலை சீசனுக்கு வர்றவங்களை ஏத்தலாம்னு யோசிக்கிறது எனக்குத் தெரியும். ரெண்டு பேர் என்கிட்டயே வந்து விசாரிச்சாங்க. அவங்களுக்காகத்தான் முக்கியமா எழுதுறேன்.

மொத்தம் 340,000 ரூபா. அது என் காசுகூட இல்ல. அம்மா 31 வருசம் கொழுந்து எடுத்து, பேர் வெட்டி (தோட்ட வேலையை விட்டு) வந்தப்போ கையில கிடைச்ச சேமலாப நிதிக் காசு. மழையில, அட்டைக்கடியில, முதுகுல கூடையோட ஏறி இறங்கின காசு. "தம்பி, லயத்துலயே கெடக்காம நீயாவது ஒரு தொழிலப் பாரு"ன்னு எடுத்துக் குடுத்தாங்க.

படகு 18 அடி ஃபைபர் படகு. திலாப்பியாவுக்கு வலை போட்டுக்கிட்டிருந்த ஒரு ஐயாகிட்ட பழசா வாங்கினது. அதுல ஒரு குறையும் இல்ல. நடுவுல மூணு குறுக்குப் பலகை, அவ்வளவுதான். எட்டு மாசம் நானும் மச்சானும் அதுலயே வலை போட்டோம். ஒருநாள்கூட அது எங்களைப் பயமுறுத்தினதில்ல.

மாத்தி அமைக்க ஆள் தேடினப்போ, ஒரு சமூக வலைத்தளப் பக்கத்துல வீடியோ பார்த்தேன். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு படகு வேலைத்தளம். பேரைச் சொல்ல மாட்டேன், முறைப்பாடு போட்டிருக்கேன். அந்த பாஸ் நேரா வீட்டுக்கே வந்தார். வந்த அன்னிக்கே படகோட அடிப்பக்கத்தை விரல் மொட்டியால தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு இடத்துல நின்னு, "இங்க உள்ள ஊறியிருக்கு தம்பி"ன்னார். உண்மைதான். அந்த இடத்துல பழைய ஒட்டு ஒண்ணு இருக்குன்னு வித்த ஐயா எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தார். இவருக்கு யாரும் சொல்லல. தட்டியே கண்டுபிடிச்சார். அங்கேயே நான் பாதி விழுந்துட்டேன்.

மீதியும் விழுந்தது அடுப்படியில. உள்ளங்கை அளவுல ஒரு ப்ளைவுட் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். "இது மெரைன் ப்ளைவுட். சாதாரண ப்ளைவுட்ல பசை தண்ணியில விட்டுப் போகும். இதுல விடாது. நம்பாதீங்க, கொதிக்க வெச்சுப் பாருங்க"ன்னு அம்மா கையிலயே குடுத்தார். அம்மா அதை விறகடுப்புல பழைய கேத்தல்ல போட்டு ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சாங்க. அவர் அதுவரைக்கும் உக்காந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு, பிளேன்டீ குடிச்சு, தோட்டத்துக் கதையெல்லாம் கேட்டார். துண்டை எடுத்துப் பார்த்தோம். ஒரு அடுக்குகூட பிரியல. கத்தியை வெச்சு நெம்பியும் பிரியல. "இது உங்க அம்மா காசுன்னு சொன்னீங்கல்ல, இனி எனக்கும் அம்மா காசுதான்"ன்னார். அன்னிக்கு ராத்திரியே 200,000 ரூபா முற்பணம் எண்ணிக் குடுத்தேன். ஒரு துண்டுக் கடுதாசியில கையெழுத்து மட்டும். பில் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள எப்படிக் கேக்குறது?

நவம்பர் கடைசியில ரெண்டு பையன்களை அனுப்பினார். அவர் வரல. லொறியில வந்த பலகை எல்லாத்துக்கும் ரெண்டு பக்கமும் ஓரமும் ஏற்கனவே சாம்பல் பெயின்ட் அடிச்சிருந்துச்சு. "தண்ணி இறங்காம இருக்க பாஸ் அங்கயே அடிச்சு அனுப்பிட்டாரு"ன்னாங்க. அந்தப் பெயின்ட்டுக்குக் கீழ முத்திரையும் தெரியல, அடுக்கும் தெரியல. நான் கொதிக்க வெச்ச துண்டையே மனசுல வெச்சுக்கிட்டு, இதுவும் அதுதான்னு நம்பினேன். ஒரு மூலையை அறுத்துக் கேத்தல்ல போட எத்தனை நிமிசம் ஆகியிருக்கும்?

முதல் வேலையா அந்த மூணு குறுக்குப் பலகையையும் அறுத்து எடுத்தாங்க. "இடைஞ்சல் அண்ணே, டெக் வந்தா இது தேவையில்ல." அந்தப் பலகை உக்கார மட்டும் இல்லைன்னு இப்போதான் எனக்கு விளங்குது. ரெண்டு பக்கச் சுவரும் விரியாம, நெளியாம இழுத்துப் பிடிக்கிறதே அதுதான். எடுத்தா அதே பலத்துக்கு வேற குறுக்குக் கட்டை வெச்சு, ஃபைபர் மேட்டும் ரெசினும் (ஃபைபரை ஒட்டி இறுக வைக்கிற பிசின்) போட்டுச் சுவரோட கட்டணும். இவங்க ஒட்டடைக்கம்பு மொத்தத்துல ரெண்டு சட்டத்தை வெச்சு ஸ்குரூ அடிச்சுட்டுப் போயிட்டாங்க.

ரெசின் வேலை அதை விட மோசம். பொலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்ட்னரை, அதாவது இறுக வைக்கிற மருந்தை, தராசுல எடை பார்த்துத்தான் ஊத்தணும், நூறு கிராமுக்கு ஒண்ணு ரெண்டு கிராம். இவங்க போத்தல் மூடியால கண் அளவுக்கு ஊத்தினாங்க. 15 பாகை செல்சியசுக்குக் கீழ குளிர் போனா அந்த ரெசின் இறுகவே நேரமெடுக்கும். எங்க ஊர் ராத்திரிக் குளிர் எல்லாருக்கும் தெரியும். சாயந்தரம் பனி இறங்கினதுக்கு அப்புறமும் பூசினாங்க. மூணாம் நாள் காலையில பெருவிரலை வெச்சேன், ரேகை அப்படியே பதிஞ்சுச்சு. போன் போட்டேன். "மலைநாட்டுல அப்படித்தான் தம்பி, ஒரு வாரம் போகட்டும்"னார். அந்த ரேகை இன்னிக்கும் அங்க இருக்கு.

நடுவுல சீட்டுக்குன்னு 90,000 ரூபா. அப்புறம் ரெசின் விலை கூடிப்போச்சுன்னு 50,000 ரூபா. அப்படித்தான் 340,000 ஆச்சு.

பொங்கல் முடிஞ்சு முதல் தடவை தண்ணியில விட்டோம். நான், மச்சான், மச்சான் மகன், மூணே பேர். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், அது ஒண்ணுதான் நான் உருப்படியா செஞ்சது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் பையன் சுத்துற சீட்டுல திரும்பி எழுந்தான். படகு அவன் பக்கம் சாஞ்சுச்சு. சாஞ்சது திரும்பி வரல. அப்படியே நின்னுச்சு. காலுக்குக் கீழ, டெக்குக்கு அடியில, கடகடன்னு தண்ணி ஓடுற சத்தம். மச்சான் "உக்காருடா"ன்னு கத்தி, மறுபக்கம் பாஞ்சு விழுந்தார். விளிம்பைத் தாண்டித் தண்ணி உள்ள வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. காசல்ரீ ஒண்ணும் குளம் இல்ல. 1965ல கெஹெல்கமு ஓயாவை மறிச்சுக் கட்டின மின்சாரத் தேக்கம்.

அதே படகுல எட்டு மாசம் நின்னுக்கிட்டே வலை இழுத்தவங்க நாங்க. அப்போ எங்க எடை அடியில இருந்துச்சு. இப்போ ஒரு அடிக்கு மேல உயர்த்தி டெக், அதுக்கும் மேல கம்பத்துல சீட், அதுக்கு மேல ஆள். எடை மேல ஏற ஏற படகு நிமிர்ற சக்தி குறையும். அடைச்ச தளத்துக்குக் கீழ தண்ணி இருந்தா இன்னும் ஆபத்து, படகு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே தண்ணியும் ஓடிப் போய் அமுக்கும். மூணு வாரம் மழையில கிடந்தப்போ, பூசாத ஸ்குரூ ஓட்டை வழியா இறங்கின தண்ணி அது. வடிய ஒரு ஓட்டை இல்ல. திறந்து பார்க்க ஒரு மூடி இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது போன் கதை. "புதுப் படகு அப்படித்தான் சத்தம் போடும்." "இந்த வாரம் பையன் ஊருக்குப் போயிட்டான்." "லொறி கராஜ்ல." "போயா முடியட்டும்." ஒரு தடவை ஒரு அம்மா எடுத்து, "அவர் கோயிலுக்குப் போயிருக்கார்"ன்னாங்க. பின்னாடி அவர் குரலே எனக்குக் கேட்டுச்சு. குரல் பதிவு அனுப்பினேன், கேட்டார், பதில் இல்ல. பிறகு என் நம்பரை அடைச்சுட்டார். மச்சான் போன்ல இருந்து எடுத்தப்போ சொன்னது இது: "நீங்க தண்ணியில இறக்கிட்டீங்கல்ல, இனி நான் பொறுப்பில்ல." படகை வேற எதுல இறக்குவாங்க? பொலிஸ்ல போய்ச் சொன்னேன், இது சிவில் பிரச்சினை, பில் எங்கேன்னு கேட்டாங்க.

நேத்து வெட்டினதுல கண்டது. பலகை வாழைப்பட்டை மாதிரி அடுக்கடுக்கா விரல்லயே உரிஞ்சு வந்துச்சு. மெரைன் ப்ளைவுட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குக் கீழ மிதக்க வைக்கிறதுக்கு தண்ணி குடிக்காத ஃபோம் போடுறதாப் பேச்சு. போட்டிருந்தது டிவி பெட்டியில வர்ற வெள்ளை ரெஜிபோம். பொலியெஸ்டர் ரெசின் பட்டா ரெஜிபோம் கரைஞ்சு போகும், அந்தத் தொழில்ல இருக்கிறவருக்கு இது தெரியாம இருக்காது. மேல பூசின ரெசின் ஒழுகி அதைத் தின்னு, பொந்து பொந்தா ஆக்கி வெச்சிருந்துச்சு. அந்தப் பொந்தெல்லாம் தண்ணி. பத்து லீட்டர் வாளியால பதினொரு வாளி அள்ளினேன். 110 கிலோ. ரெண்டு ஆள் எடை ஒளிஞ்சு உக்காந்திருந்த படகுலதான் அந்தப் பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போனேன். சுற்றுலா வந்த குடும்பத்தை ஏத்தியிருந்தா? கைக்குழந்தையோட யாராவது வந்திருந்தா? நினைக்கவே முடியல.

படகு மாத்தப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன். இப்போ மனசு ஓடல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். மாதிரித் துண்டை நம்பாதீங்க, வந்து இறங்கின பலகையிலயே ஒரு மூலையை வெட்டிக் கொதிக்க வைங்க. பெயின்ட் அடிச்சு வந்தா திருப்பி அனுப்புங்க. டெக்கை மூடுறதுக்கு முன்னாடி நீங்க உள்ள பார்த்து போட்டோ எடுக்காம அடுத்த காசு குடுக்காதீங்க. குறுக்குப் பலகையில கைவைக்க விடாதீங்க. சீட்டை எவ்வளவு தாழ்வா வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வா வைங்க. பில் கேளுங்க, கேட்டா குடுக்க வேண்டியது அவங்க கடமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நம்பர் 1977.

340,000 ரூபா. அம்மா நேத்து கரைக்கு வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசல. அந்தக் கொதிச்ச துண்டு இன்னும் அடுப்படி ஜன்னல்லதான் இருந்துச்சு, அதை எடுத்து என் கையில குடுத்தாங்க. அதையும், உரிஞ்ச பலகையில ஒரு துண்டையும் ஒரே பையில போட்டு வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை மத்தியஸ்த சபைக்குப் போறேன்.