வங்கிக் கணக்கை மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள்: என் 32,360 ரூபாய் போய்விட்டது

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். மெட்ரோ நிலைய வாசலில் குடை விரித்து மேசை போட்டு, "உங்கள் பழைய கணக்கை எங்கள் வங்கிக்கு மாற்றித் தருகிறோம்" என்று கூப்பிடுகிறார்களே, அவர்களை நம்பி 32,360 ரூபாயை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று நேற்று மாலைதான் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார்கள். இரவு முழுவதும் தூக்கம் இல்லை. நடந்ததையும், மற்றவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினேழு வருடமாக ஒரே பொதுத்துறை வங்கியில் சேமிப்புக் கணக்கு. 2020 ஏப்ரலில் பல வங்கிகளை இணைத்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எங்கள் கிளையையும் இன்னொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள். நடந்தே போய்வந்த இடத்துக்குப் பதிலாக இப்போது பஸ் ஏறிப் போக வேண்டும். பாஸ்புக் பதிகிற இயந்திரம் பாதி நாள் பழுது. அதனால் வங்கியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கே இருந்தது. யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் முதல் வாரம் வேலை முடிந்து திரும்பும்போது அந்த மேசையில் ஒரு தம்பி. இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் வங்கியின் அடையாள அட்டை. "செல்பேசி எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகிறோமே, அதே மாதிரிதான் அக்கா. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வண்டிக் கடன் தவணை, எரிவாயு மானியம், சம்பளம் எல்லாம் தானாக இங்கே வந்துவிடும்" என்றான். இது முழுப் பொய். செல்பேசி எண்ணை அப்படி மாற்றும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லவே இல்லை. புதுக் கணக்கு என்றால் புது எண்தான். தவணை பிடிக்கும் உத்தரவு ஒவ்வொன்றையும் நாம்தான் புதிதாகக் கையெழுத்திட்டு மாற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிற எனக்கு அன்றைக்கு இது தெரியவில்லை.

மறுநாள் மாலை, ஜூன் 6, வீட்டுக்கே வந்தான். நான் எங்கே ஏமாந்தேன் என்று இரண்டு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். படிவத்தில் இல்லை, வட்டிக் கணக்கில் இல்லை. என் மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, செல்பேசியில் எழுத்தே தெரியவில்லை என்று பொதுவாகப் புலம்பினார். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "கொடுங்கள் அம்மா" என்று வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பேத்தியின் படத்தை முகப்பில் வைத்து, அவர் கையைப் பிடித்து எங்கே தொட வேண்டும் என்று இரண்டு முறை காட்டிக் கொடுத்தான். வீட்டில் யாரும் அதுவரை அவருக்குச் செய்யாத காரியம். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் எங்கள் வீட்டுப் பையனாகிவிட்டான். அதற்குப் பிறகு அவன் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஓ.டி.பி. வந்தது, படித்துச் சொன்னேன். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னேன். பழைய கணக்கில் இருந்ததில் ஆயிரம் ரூபாயை மட்டும் விட்டுவிட்டு 42,000 ரூபாயை ஜூன் 8 அன்று புதுக் கணக்குக்கு மாற்றினேன். அதில் பெரும்பகுதி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்துவைத்தது.

ஜூன் 10. கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சீட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்பேசி, எதிரே பேல் பேலாகத் துணி. அவன் அழைத்தான். "பழைய கணக்கை மூடுவதற்குக் கடைசியாக ஓர் எண் வரும் அக்கா, சொல்லுங்கள். பிறகு ஓர் அம்மா பேசுவார். வெறும் சம்பிரதாயம். எது கேட்டாலும் ஆம் என்று சொல்லிவிடுங்கள்." எண்ணைச் சொன்னேன். அந்த அம்மா பேசினார். இந்தியும் தமிழும் கலந்து, மூச்சுவிடாமல். நடுவில் "பத்து ஆண்டு" என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. நான் ஆம், ஆம், ஆம் என்றேன். பிறகு அவனிடம் அது என்ன பத்து ஆண்டு என்று கேட்டேன். "ஏ.டி.எம். அட்டையின் காலம் அக்கா" என்றான்.

அன்று மதியமே 30,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பதறிப்போய்க் கேட்டேன். "அது வைப்புத் தொகை. அதைப் போட்டால் உங்கள் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. வருடம் முடிந்ததும் வட்டியோடு வரும்" என்றான். நம்பினேன். மாமியாரின் செல்பேசியைச் சரிசெய்து கொடுத்த பையன் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 5ஆம் தேதி வண்டிக் கடன் தவணை திரும்பிவிட்டது. தவணை உத்தரவு பழைய கணக்கிலேயேதான் இருந்திருக்கிறது. நான் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தை அவன் எங்கும் கொடுக்கவில்லை. பழைய வங்கி 295 ரூபாய் அபராதம் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் 590 ரூபாய் போட்டது. ஒரு வாரத்தில் மறுபடி அனுப்பினார்கள், மறுபடி திரும்பியது, மறுபடி அதே 885. அவனை அழைத்தால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 6 அன்று கிளைக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது, 30,000 ரூபாய் வைப்புத் தொகையே அல்ல. ஆயுள் காப்பீட்டின் முதல் பிரீமியம். பத்து ஆண்டு, ஆண்டுக்கு 30,000. என் வருமானத்தில் யாராவது இதைத் தெரிந்தே எடுப்பார்களா? ரத்து செய்யுங்கள் என்று அங்கேயே நின்று அழுதேன். "பதிவு செய்துவிட்டோம் மேடம். ஐந்து வேலை நாளில் சரியாகிவிடும்" என்றார் மேசையில் இருந்த பெண். வீட்டுக்கு வந்தபோது நான் அக்கா, கிளைக்குப் போனபோது மேடம். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஜூலை 13 அன்று போனால், "பாலிசி ஜூன் 11 அன்றே மின்னஞ்சலில் வந்துவிட்டதே மேடம், வேண்டாம் என்று சொல்ல 30 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது" என்கிறார்கள்.

ஐந்து வேலை நாள் என்று சொல்லி அனுப்பியவர்கள் இவர்களே. அந்த ஐந்து நாளில்தான் அவகாசம் முடிந்தது. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அந்த மின்னஞ்சல் முகவரியும் என்னுடையது அல்ல. என் பெயரோடு ஏதோ எண்களைச் சேர்த்து அவனே உருவாக்கியிருக்கிறான். அதைச் சொன்னால் மேலாளர், "அவர் எங்கள் ஊழியர் இல்லை, வெளி முகவர், வேலையை விட்டுப் போய்விட்டார்" என்கிறார். அட்டை உங்களுடையது, மேசை உங்களுடையது, படிவம் உங்களுடையது, பையன் மட்டும் உங்களுடையவன் இல்லையா? வெளி முகவர் செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, "வங்கி வழியாக வாருங்கள்". நேற்று, நான் ஆம், ஆம் என்று சொன்ன அந்தப் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார்கள். பின்னணியில் எங்கள் கடைப் பையன்கள் பேல் எண்ணுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

இதற்கு நடுவே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று புதுக் கணக்கில் இன்னொரு 590 ரூபாய் பிடித்தார்கள். எந்த இருப்பு தேவையில்லை என்று சொல்லி 30,000 வாங்கினார்களோ, அதே இருப்புக்கு அபராதம்! அப்படிப் பிடிக்கும் முன் தகவல் அனுப்பி, குறைந்தது ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. எனக்கு ஒரு வரித் தகவல்கூட வரவில்லை. 30,000, தவணை திரும்பியதில் 1,770, இந்த 590. மொத்தம் 32,360 ரூபாய். மகளின் கட்டணத்துக்குக் கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கடைக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்கிறேன். வங்கியை மாற்றுவதானால் கிளைக்கு நீங்களே போய்க் கணக்கு தொடங்குங்கள். பழைய கணக்கில் இரண்டு தவணைக்கான பணத்தை விட்டுவையுங்கள். புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை போனதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை மூடுங்கள். ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். கேட்காத காப்பீடு வந்திருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கான 30 நாள் என்பது பாலிசிப் பத்திரம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448. காப்பீட்டுக்கு 155255. நான் இரண்டு பக்கமும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மின்னஞ்சல் முகவரி என்னுடையதல்ல என்பதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

இன்று காலை மெட்ரோ நிலையத்தைக் கடந்து வந்தேன். அதே குடை, அதே மேசை, வேறு பையன். எதிரே மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அம்மா இடுப்புப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பையன் என்னை முறைத்தான். அவர் அட்டையை மறுபடி பைக்குள் வைத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.