கறுப்பு மாண்டோவா, ஊதா ஃபவுண்டன் புல்லா? கருநிற இலைச் செடிகள் இரண்டின் ஒப்பீடு

கருநிற இலை கொண்ட புல் வேண்டும் என்று நர்சரியில் கேட்பவருக்குப் பெரும்பாலும் காட்டப்படுபவை கறுப்பு மாண்டோவும் ஊதா ஃபவுண்டன் புல்லும்தான். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் இவற்றின் தேவைகள் ஏறக்குறைய எதிரெதிரானவை. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட ஓஃபியோபோகன் பிளானிஸ்கேபஸ் இனத்தின் ‘நைக்ரசென்ஸ்’ ரகமான மாண்டோ உண்மையில் புல்லே அன்று. தண்ணீர்விட்டான் கொடி இடம்பெற்றுள்ள குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ரூப்ரம்’ எனப்படும் ஊதா ஃபவுண்டன் புல்லோ, வெயிலுக்கென்றே பிறந்த அசல் புல்.

மாண்டோ சுமார் 20 செ.மீ. உயரத்தோடு நின்றுவிடும். மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி மிக மெதுவாகப் பரவுவதால், 15 செ.மீ. இடைவெளியில் நட்டாலும் தரை மூடச் சில ஆண்டுகள் ஆகும். ஃபவுண்டன் புல் ஒரே கோடையில் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, இளஞ்சிவப்புக் கதிர்களைச் சாய்த்து நிற்கும். விரைவில் பலன் வேண்டுவோர் இரண்டாவதையே நாடுவர், அதில் தவறில்லை.

மாண்டோவுக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள, இலைமக்கு கலந்த, ஈரம் காக்கும் ஆனால் நீர் தேங்காத மண் வேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் அதற்கு உகந்தவை. காய்ந்த மண்ணில் உச்சி வெயில் பட்டால் இலை நுனிகள் கருகும்; அடர்நிழலில் வைத்தால் கருமை குன்றிப் பச்சை தலைகாட்டும். தூரின் நடுவே புதிதாக எழும் இலைகள் அடிப்பகுதியில் பச்சையாக இருப்பதைக் கண்டு, செடி ரகம் மாறிவிட்டதென்று பலர் பதறுகிறார்கள். அது இளமையின் நிறம். முதிர முதிரக் கருத்துவிடும். கோடையில் வெளிறிய ஊதாப் பூக்களும், பின்னர் மணத்தக்காளிப் பழம் போன்ற கருங்காய்களும் வரும். ஈரமான இடங்களில் ஓடில்லா நத்தைகள் இளந்தளிரைக் கடிப்பதுண்டு. மற்றபடி தொல்லை குறைவு. ஃபவுண்டன் புல்லுக்கு நாள் முழுதும் வெயில், வடிகால், வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஆகியவை கிடைத்தால் போதும்.

முடிவைத் தீர்மானிப்பது குளிர்தான். பிரிட்டன் போன்ற நாடுகளின் குளிர்காலத்தை மாண்டோ வெளியிலேயே தாங்கி, ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். உறைபனியில் மடிந்துவிடும் ஃபவுண்டன் புல்லை அங்கே தொட்டியோடு உள்ளே எடுத்துவைக்க வேண்டும், அல்லது ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். பலர் செய்வது பின்னதையே. அந்தச் செலவையும் கணக்கிட்டால், தொடக்கத்தில் விலை கூடியதாகத் தோன்றும் மாண்டோ மலிவாகிவிடும். வெப்பச் சமவெளிகளில் நிலைமை தலைகீழ். அங்கே மாண்டோவைக் காப்பாற்றப் போராடுவதைவிட ஃபவுண்டன் புல்லை நடுவதே புத்திசாலித்தனம்.

கத்தரிப்பதிலும் ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்யக் கூடாது. உறைபனி இல்லாத இடங்களில், குளிர்காலம் முடியும் தறுவாயில் ஃபவுண்டன் புல்லைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத்தூர் கிளம்பும். மாண்டோவை அவ்வாறு மொட்டையடித்தால் மீண்டு வர வெகுநாள் ஆகும். காய்ந்த இலைகளைக் கையால் உருவியெடுப்பதே முறை.

இரண்டையும் பெருக்க இளவேனிலில் தூர் பிரித்து நடுவதே நம்பகமான வழி. மாண்டோவின் விதையில் பச்சை நாற்றுகளும் கலந்து வரும். ‘ரூப்ரம்’ முளைக்கும் விதையை அரிதாகவே தரும். இது ஒரு வகையில் நல்லது. அதன் காட்டு உறவான பச்சை ஃபவுண்டன் புல் விதையால் பரவி ஹவாய்த் தீவுகளில் பெரும் களையாகிவிட்டது. ஆகவே யாராவது பச்சை ரகத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்காதிருப்பது நல்லது.

சிறு தொட்டிக்கும் பாதையோரத்துக்கும் நான் மாண்டோவையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் கரிய மண்ணின்மேல் அது கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் வெண்கூழாங்கற்களைப் பரப்பியோ, ஸ்னோடிராப் போன்ற வெண்பூச் செடிகளை இடையே நட்டோ வைத்தால்தான் கறுப்பு எடுப்பாகத் தெரியும்.