தோடி கேட்டேன், சுபபந்துவராளி வந்தது

சின்ன வயதில் ஆறு வருடம் வயலின் கற்றேன். ஆரம்பப் பாடங்களைத் தாண்டி வர்ணம் என்ற பயிற்சி உருப்படியோடு நின்றுபோனது. இப்போது பகலெல்லாம் கணக்கு வழக்கு பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் லேப்டாப்பில் மெட்டுக் கட்டிப் பார்க்கிறேன். அம்மாவைத் தவிர யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.

முதலில் எடுத்தது இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர். இலவசம்தான். ஆனால் ஐந்து கோட்டு மேற்கத்திய நொட்டேஷன். ஸரிகமவில் யோசித்து, அதைக் கோட்டில் புள்ளியாக மாற்றி வைப்பதற்குள் மெட்டு மறந்துவிடும். அடுத்தது எல்.எம்.எம்.எஸ். என்ற இசை அமைக்கும் மென்பொருள். அதுவும் இலவசம். தாளக்கட்டு அடுக்க நன்றாக இருந்தது. 1.2 பதிப்பில் மைக் வைத்துக் குரலைப் பதிவு செய்ய வழி கிடையாது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுப்பது, வேண்டுமென்றால் ஸ்வரத்தின் மேல் மவுஸால் வளைவு வரையலாம். என் கை நடுக்கத்துக்கு அது சரிப்படவில்லை. நடுவில் ஓர் இணையக் கடையில் 'வீணை' என்று போட்டிருந்த ஒலித்தொகுப்பை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒவ்வொரு ஸ்வரமும் ஆணி அடித்தாற்போல் தனித்தனியாக நின்றது. போனது போகட்டும்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் சோனிக் பை, கட்டளை எழுதி இசை வரவழைக்கும் மென்பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஏரன் 2012-இல் ஆரம்பித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லித்தரத்தான் செய்தார்கள். இதுவும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். திறந்தால் வெறும் எழுதுபலகை. 'பிளே 60' என்று தட்டி ரன் அழுத்தினால் ஒரு ஸ்வரம் கேட்கும். 60-ஐ ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துக்கொண்டால் 61, 64, 65, 67, 68, 71, 72. மாயாமாளவகௌளை ராகம்! முதல் நாள் வகுப்பு ஸரளி வரிசையை எண்களில் தட்டச்சு செய்து கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

இதில் சில ராகங்களின் பெயர்கள் முன்கூட்டியே இருக்கின்றன. ஆசையாக 'தோடி' என்று போட்டேன். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. பிரதி மத்யமமும் (மேல் ம) காகலி நிஷாதமுமாக (மேல் நி) சுபபந்துவராளி என்ற வேறு ராகம் பேசியது. தப்பு மென்பொருளுடையது இல்லை. அது ஹிந்துஸ்தானி தோடி. நம் தோடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பைரவி. அதேபோல் 'பைரவ்' போட்டால் நம் மாயாமாளவகௌளை, 'பூர்வி' போட்டால் காமவர்த்தினி, 'மார்வா' போட்டால் கமனாச்ரமம். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் கமகம். ஸ்வர எண்ணுக்குத் தசமம் போடலாம், 63.3 என்று கொடுத்தால் அங்கேயே நிற்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை 'கண்ட்ரோல்' என்ற கட்டளையால் வேறு இடத்துக்கு இழுக்கலாம். முதல் தடவை 'நோட் ஸ்லைடு', அதாவது வழுக்க எடுக்கும் நேரத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். காந்தாரம் (க) வழுக்காமல் மாடிப்படி ஏறி இறங்கியது. 0.15 கொடுத்ததும் வழுக்கியது, ஆனாலும் ஒரு விறைப்பு. ஸ்லைடின் வடிவத்தை 3 என்று மாற்றினேன், அது சைன் வளைவு. அப்போதுதான் வில்லில் இழுத்த மாதிரி உருண்டு வந்தது. தோடி காந்தாரம் ஒன்றே ஒன்று, பதினாலு வரி, இரண்டு ராத்திரி. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது.

ஒரு பெரிய ஏமாற்றமும் உண்டு. தந்தியை மீட்டும் 'பிளக்' என்ற ஒலி கிட்டத்தட்ட வீணைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதற்கு ஸ்லைடு வேலை செய்யாது. பியானோ ஒலியும் அப்படியே, அது தசமத்தைக்கூட ஏற்காது. பியானோ போனால் போகிறது, பிளக் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஆகவே பிளக்கைத் தம்புராவுக்கு வைத்துக்கொண்டேன். 55, 60, 60, 48 என்று சுற்றவிட்டால் ராத்திரி முழுக்க ஓடும். பாட்டுக்கு 'பிளேடு' ஒலி. தபலா ஒலிகள் கூடவே வருகின்றன, மிருதங்கம் கிடையாது.

தாளத்தில் விளையாட நல்ல இடம். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்பில் ஏழு அட்சரம் (தாள எண்ணிக்கை), இன்னொன்றில் எட்டு. இரண்டையும் ஓடவிட்டுக் கையில் எண்ணிக்கொண்டே இருந்தால் 56 அட்சரம் முடிந்ததும் சமத்தில், அதாவது முதல் தட்டில், ஒன்றாக வந்து விழும். ஓடும்போதே எண்ணை மாற்றி ரன் அழுத்தலாம், பாட்டு நிற்காது.

பதிவு பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வேவ் கோப்பாகத் தருகிறது. தம்புரா சத்தத்தை அப்புறமாகக் குறைக்க முடியாது. அதனால் தம்புராவைத் தனியாக, பாட்டைத் தனியாகப் பதிவு செய்து ரீப்பர் என்ற ஒலிக்கலவை மென்பொருளில் சேர்க்கிறேன். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். நான் கட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டி அந்தக் காந்தாரத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"மத்யமத்தைத் தொட்டுட்டு உடனே ஓடி வராதேடி. கொஞ்சம் நில்லு."

ஒன்பதாவது வரியில் 'ஸ்லீப்', அதாவது காத்திருக்கும் நேரம், 0.1 என்று இருந்ததை 0.18 ஆக்கினேன்.