உப்புக் கலனா, மின்சுருளா: நாவற்குடாக் கிணற்று நீருக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பு நாவற்குடாவிலுள்ள எங்கள் வளவுக் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தபோது அதன் வன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கல்சிய, மக்னீசிய உப்புகளின் அளவு, லீற்றருக்கு 340 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இலங்கைத் தர நியமத்தின் உச்ச அளவு 250. கேத்தலின் அடியில் வெள்ளை ஓடு பிடிப்பதையும் சவர்க்காரம் நுரைக்க மறுப்பதையும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதற்கென்று கடைகளில் இருந்த கருவிகள் இரண்டு வகை. ரெசின் மணிகள் நிரம்பிய உப்புக் கலன், கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. தண்ணீர் உண்மையாகவே மென்னீராகிறது. மின்சுருள் கருவியோ குழாயின் மேல் சுற்றிய கம்பிக்குள் மின்சைகையை அனுப்புவதோடு சரி. அது எதையும் அகற்றுவதில்லை. அளந்தால் அதே 340தான். சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் இறுகாமல் நீரிலேயே நுண்துகளாகத் திரளும் என்கிறார்கள். அதை ‘மென்னீராக்கி’ என்று விற்பது மிகைப்பேச்சு என்பதை அறிந்துகொண்டே நான் அதை வாங்கினேன்.

காரணம், உப்புக் கலனின் கழிவு. ரெசின் மணிகளை நாலைந்து நாளுக்கொருமுறை உப்புக்கரைசலால் கழுவ வேண்டும். நாளுக்கு ஆயிரம் லீற்றர் செலவாகும் எங்கள் வீட்டுக்கு, நான் போட்ட கணக்கில், மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ உப்பு. அதை வாங்கிவிடலாம், எங்கே ஊற்றுவது? வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மணல் திட்டில் நாம் அள்ளுவது, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தை. கழிவுக்குழியில் விடும் உப்பு மணலுக்குள் இறங்கி, சில அடி தள்ளியிருக்கும் நம் கிணற்றுக்கோ பக்கத்து வளவுக் கிணற்றுக்கோதான் போய்ச் சேரும். போதாததற்கு, 340 அளவு வன்மையை முழுதாக நீக்கினால் லீற்றருக்கு ஏறக்குறைய 156 மில்லிகிராம் சோடியம் கூடும்; அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

மின்சுருளுக்கு உப்பும் இல்லை, கழிவும் இல்லை. ஐந்து வாற்று கருவி மாதம் முழுவதும் எரிந்தாலும் நான்கு அலகைத் தொடாது. முதலில் அதை மோட்டரடியில் பூட்டி ஏமாந்தேன். மூன்று மாதமாக ஒரு மாற்றமும் தெரியவில்லை. நீர் மேல்தாங்கியில் நின்றால் விளைவு மங்கிவிடும் என்று குழாய் வேலைக்கு வந்த தம்பி சொன்ன பிறகு, தாங்கியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய்க்கு மாற்றினோம். அதற்குப் பின், இரண்டு மாதத்துக்கொருமுறை வினாகிரியில் ஊறவைத்த ஷவர்த் தலையை ஆறு மாதமாகக் கழற்றவில்லை. அதன் துளைகளில் இப்போது படிவது விரலால் தேய்த்தால் உதிரும் மாவு. முன்பு கத்தி முனையால் சுரண்ட வேண்டியிருந்தது.

இது ஒரே வீட்டின், ஓராண்டுக்கும் குறைந்த அனுபவம் என்பதையும், இக்கருவிகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சுடுநீர்க் கலனின் உட்புறத்தை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. சவர்க்காரமும் முன்போலவே நுரைக்க மறுக்கிறது. துணி வெளுப்பதற்கு மாரி காலத்தில் பீலித் தண்ணீரைத்தான் பிடித்துவைக்கிறோம்.