கோட்டூர்புரம் நூலகமும் எதிர் நாற்காலி அக்காவும்

சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ஒன்பது மாடிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியைப் பற்றி. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு இரண்டு வருடம் அங்கேதான் படித்தேன். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்துவிடுவேன்.

அதற்கு முன்பு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்தேன். நோட்ஸ் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். ஆனால் ஆறு மாதத்தில் ஒருவர்கூட என் விடைத்தாளைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

வாங்கிப் பார்த்தது, நூலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா. ஏற்கெனவே இளநிலை உதவியாளர் வேலையில் இருந்துகொண்டு குரூப் 2க்குப் படித்தவர். தனிவட்டிக் கணக்கு ஒன்றைக் கேட்கத்தான் போனேன். “போன மாடல் டெஸ்ட் தாள் இருக்கா? கொடும்மா” என்றார். 200 கேள்வியில் 71 தப்பு. ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் என்னையே எழுதச் சொன்னார்: தெரியாதது ‘தெ’, குழம்பியது ‘கு’, அவசரத்தில் விட்டது ‘அ’. எண்ணிப் பார்த்தால் ‘அ’ மட்டும் 33! ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’ என்று கேட்ட இடத்திலெல்லாம் பொருந்துவதைத் தேடிப்பிடித்துக் குறித்திருந்தேன்.

“உனக்குப் படிப்பு குறையல. கேள்வியைக் கடைசி வரைக்கும் படிக்கிறதில்ல” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியிலும் கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் விடையைப் பார்ப்பேன். கணக்கில் தனக்கே சந்தேகம் வந்தால் சமாளிக்க மாட்டார். நேராக அடுத்த மேசை அண்ணனிடம் அழைத்துப் போவார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

போன மாதம் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு தங்கை, “எங்கிருந்துக்கா ஆரம்பிக்கிறது?” என்று கேட்டாள். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதில் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு அவள் எழுதிய தாளைக் கேட்டேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய் இடம் பிடியுங்கள். முதல் நாளே யாரிடமும் “வழிகாட்டுங்கள்” என்று நிற்காதீர்கள். நீங்கள் போட்டுப் பார்த்து முட்டி நின்ற ஒரு கணக்கோடு போங்கள். உள்ளே அமைதி காக்க வேண்டும், அதனால் டீ குடிக்க எழுந்து வரும்போது கேளுங்கள். எங்கள் பேச்செல்லாம் அப்போதுதான் நடந்தது.